ஊதா வெளுக்கும் நேரம்

செப்டம்பர் 4

கடிகாரக்காரருக்கு,

கோபம் தணிந்ததா? ரயில் புறப்படும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றீர்கள். மனைவி பத்து மாதம் வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாளே, வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம் என்று இல்லை. வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து, சன்னல் கம்பிக்குள் கையை விட்டு இந்த ஸ்டாப்வாட்சைத் திணித்தீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரு, உங்க வீட்டுக்காரரா? பேசவே மாட்டாரா?" என்று கேட்டார். "பேசுவார், ஆனா வண்டி போனப்புறம்தான் பேசுவார்" என்றேன்.

இங்கே எல்லாம் நலம். விடுதி அறை நம் கடையை விடச் சின்னது. கட்டில், மேஜை, பாதி திறக்கும் சன்னல். தொலைபேசி வார்டன் மேஜையில் இருக்கிறது. அதில் பேசினால் அவர் காதும் நம்மோடு சேர்ந்து பேசும். ஆகவே கடிதம்தான்.

அங்கே போய் அவள் என்னதான் செய்கிறாள் என்று அத்தை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரில் ஓர் ஊதாச் சாயம் இருக்கிறது. அதில் காஸ்டிக் சோடா மாதிரியான காரம் கலந்தால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. வேகம் தெரிந்தால்தான் தண்ணீரைத் தொட்டியில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டும், தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று தெரியும். பக்கத்தில் பாதி நிறமுள்ள ஒரு குழாயும் கால் பங்கு நிறமுள்ள ஒரு குழாயும் வைத்திருப்பேன். குடுவையில் காரத்தை ஊற்றியதும் உங்கள் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டே இருப்பேன். குடுவையின் நிறம் அந்தக் குழாயோடு ஒத்துப்போகும் கணத்தில் மறுபடி அழுத்துவேன்.

இதில் எனக்கு இன்னும் அலுக்காத ஒன்று உண்டு. முழு நிறம் பாதியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ, அந்தப் பாதி காலாகவும் அதே நேரம்தான் ஆகிறது. நிறைய இருக்கும்போது நிறையப் போகிறது, கொஞ்சம் இருக்கும்போது கொஞ்சமாகப் போகிறது. சூடு ஏற்றினால் எல்லாம் வேகமாகிவிடும். எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று வரைபடத்தாளில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஜூனில் வீட்டில் இருப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் மின்சாரக் கடிகாரம் ஒன்றே ஒன்று. அதற்கு எப்போதும் ஆள் வரிசையில் நிற்கும். என்னிடம் சொந்தமாக ஒன்று இருப்பதைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரிக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு சந்தேகம். ஊரார் கடிகாரத்தை எல்லாம் கொஞ்சம் முன்னால் ஓடும்படி வைத்துக் கொடுக்கிறவர் நீங்கள். நம் கூடத்துக் கடிகாரமோ பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. இதையாவது யோக்கியமாக விட்டீர்களா?

உங்கள்
குடுவைக்காரி


செப்டம்பர் 15

குடுவைக்காரிக்கு,

கோபமா, எனக்கா? வெயில் கண்ணில் பட்டது. அதனால் முகம் அப்படி இருந்தது.

நீ போனதில் இருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடையில் கூட்டம் அதிகம். கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்திருப்பதில் ஒரு வசதி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

என் தொழிலைக் கிண்டல் செய்கிறாய். பின்தங்கும் கடிகாரத்தால் ஒருவன் பேருந்தைத் தவறவிட்டால் நேராக என் கடைக்கு வந்து சத்தம் போடுவான். முன்னால் ஓடினால் சீக்கிரம் போய் நிற்பான், என்னை வாழ்த்துவான். அதனால் ஒரு மயிரிழை முன்னால் தள்ளி வைப்பேன். இந்தத் தெருவில் யாரும் தாமதமாவதில்லை, உன்னைத் தவிர. கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்தது உனக்காகத்தான். அப்படி வைத்தும் நீ ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. உன் ஸ்டாப்வாட்சை என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம்.

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாதி, அதுல பாதி, அதுல பாதின்னா அது எப்பத்தான் முழுசாப் போகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாத ஏக்கம் பாதியாகக் குறைய எவ்வளவு நாள் என்று நானும் இங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் ஒரு சொட்டுக்கூட வெளுக்கவில்லை. காரம் போதவில்லை போலிருக்கிறது.

கடிகாரக்காரன்


நவம்பர் 20

கடிகாரக்காரருக்கு,

ஒரு நல்ல சேதி. என் வலது தோள்பட்டைக்கு விடுதலை கிடைத்துவிட்டது. கண்ணாடிக் குச்சியால் கலக்கிக் கலக்கி இரவில் தூக்கத்திலும் கை ஆடிக்கொண்டிருந்தது. இப்போது புதிதாக ஒரு பெட்டி வாங்கித் தந்திருக்கிறார்கள். அதன்மேல் குடுவையை வைத்து ஒரு திருகைத் திருகினால் போதும். உள்ளே போட்ட வெள்ளைக் குச்சி தானாகச் சுழன்று கலக்குகிறது. அரை நாள் அதையே வேடிக்கை பார்த்தேன். மேடம் பின்னால் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா, சினிமாவா?" என்று கேட்டார்.

மேடம் என்றால் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி. கண்டிப்பானவர். நல்லவரும்கூட, ஆனால் அதை வெளியே காட்டுவதில்லை.

உங்கள் ஸ்டாப்வாட்சுக்கும் இடம் மாறிவிட்டது. முன்பு மேஜையில் வைத்திருந்தேன். இப்போது அந்தப் பெட்டியின் மேலேயே, குடுவையை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். ஒரு கை காரம் ஊற்றும், மறு கை பொத்தானை அழுத்தும். ஒரு கணம்கூட வீணாவதில்லை.

இன்னொன்று. வேலை நன்றாகப் போவதால் இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா என்று மேடம் கேட்டார். முடியாது, ஜூனில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது, அந்த வெயில் பட்ட முகம்.

குடுவைக்காரி


டிசம்பர் 2

குடுவைக்காரிக்கு,

நீ முடியாது என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் உன் அலமாரியைத் துடைத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

சன்னல் ஓரமாக உன் புத்தகங்களுக்குப் பலகை அடிக்கிறேன். தச்சனைக் கூப்பிடவில்லை, நானே அடிக்கிறேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தடிமனான புத்தகங்களை இடது பக்கம் வைத்தால் தெரியாது.

ஜூன். மறந்துவிடாதே.

கடிகாரக்காரன்


மார்ச் 11

உங்களுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணக்கு எல்லாம் தப்பாம். வேறு ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இதே சாயத்தை, இதே காரத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். அவர்களுடையது வேகமாக வெளுக்கிறது, என்னுடையது மெதுவாக வெளுக்கிறது. மேடம் இரண்டு தாள்களையும் என் முன்னால் போட்டார். "ரெண்டுல ஒண்ணு பொய்ம்மா. எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா" என்றார். அறைக்குப் போய் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு யோசித்தேன்.

முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகித்தேன். வேறு மூன்று தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், நாலும் ஒன்றையே சொல்கின்றன. காரம் நீர்த்துப் போயிருக்குமோ என்று புதிதாகக் கரைத்துப் பார்த்தேன். அப்படியேதான் வந்தது. சூடான தண்ணீரிலும் சரி, ஆறின தண்ணீரிலும் சரி, ஏறக்குறைய ஒரே பங்குக்கு மெதுவாகக் காட்டுகிறது. எல்லாச் சோதனைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

வரிசையில் நின்று மின்சாரக் கடிகாரத்தை வாங்கி வந்து உங்கள் ஸ்டாப்வாட்சின் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒன்றாக அழுத்தினேன். ஒரு மணி நேரத்தில் உங்களுடையது நாலு நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விட்டது. கடிகாரம் வேகமாக ஓடினால் நேரத்தைக் கூட்டிக் காட்டும். நேரம் கூடினால் வினை மெதுவாக நடந்ததாகத்தான் தெரியும். இவ்வளவுதான் விஷயம்.

தொழில் ரகசியம் என்று எழுதினீர்களே, இதுதானா அந்த ரகசியம்? பேருந்துக்குப் போகிறவனுக்கு முன்னால் தள்ளி வைத்துக் கொடுப்பதுபோல எனக்கும் தள்ளி வைத்தீர்களா? நான் என்ன பேருந்தா பிடிக்கப் போகிறேன்? உங்கள் கையால் வந்தது என்பதற்காகச் சரிபார்க்காமல் பத்திரமாக வைத்து உபயோகித்தேன். வேறு யார் கொடுத்திருந்தாலும் முதல் நாளே சோதித்திருப்பேன்.

பதில் எழுதுங்கள். விளையாட்டு வேண்டாம்.


மார்ச் 19

குடுவைக்காரிக்கு,

ஆமாம். நான்தான் செய்தேன்.

பழக்க தோஷம். சுத்தம் செய்து எண்ணெய் விட்டு மூடும்போது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன நெம்புகோலைக் கை தானாக முன்னால் தள்ளிவிட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளியிருப்பேன். நீ ஊருக்குப் போகிறாய் என்ற எரிச்சலில் இருந்தேன்.

இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன். முதல் நாளில் இருந்து ஒரே அளவுக்குத்தானே வேகமாக ஓடியிருக்கும்? எல்லாக் கணக்கையும் அந்த அளவுக்குக் குறைத்துவிட்டால் போதாதா? உன் மேடத்திடம் என் பெயரைச் சொல். கடிகாரக்காரன் செய்த தப்பு என்று எழுதிக் கொடு. நானும் வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சாய்ந்த பலகையைக் கழற்றி மறுபடி அடித்துவிட்டேன். இப்போது வலது பக்கம் சாய்கிறது.

கடிகாரக்காரன்


ஏப்ரல் 3

பொய்க்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். "ரிப்பேர்க்காரரை நம்பி ஆராய்ச்சி பண்ணினா இப்படித்தாம்மா ஆகும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் அவரே, "போகட்டும், ஒரே அளவுதானே, குறைச்சு எழுதிட்டு ஜூன்ல கிளம்பு" என்று சொல்லிவிட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி! துள்ளிக்கொண்டுதான் மேஜைக்கு வந்தேன்.

முதல் வாரச் சோதனைகளில் இருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து எழுத ஆரம்பித்தேன். குறைத்த பிறகு பார்த்தால் அவை அந்த வெளியூர்க்காரர்களுடையதை விட வேகமாகக் காட்டின. குறைக்காமல் பார்த்தால் கச்சிதமாக ஒத்துப்போயின. செப்டம்பரில் செய்தது எல்லாம் சரி, அக்டோபரில் செய்ததும் சரி. நவம்பர் கடைசியில் இருந்துதான் எல்லாம் கோணல். இத்தனை நாள் எல்லாவற்றையும் சூட்டுவாரியாக அடுக்கிப் பார்த்தேனே தவிர, தேதிவாரியாக ஒரு தடவையும் அடுக்கிப் பார்க்கவில்லை.

நீங்கள் வீட்டிலேயே நெம்புகோலைத் தள்ளியிருந்தால் முதல் நாளே தப்பாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் நீங்கள் தள்ளவில்லை.

நவம்பரில் என்ன மாறியது? அந்தப் பெட்டி வந்தது. அதற்குள் சுழல்வது ஒரு பெரிய காந்தம். குடுவைக்குள் இருக்கிற வெள்ளைக் குச்சியும் காந்தம்தான். அதனால்தான் தொடாமலே சுழல்கிறது. அந்தக் காந்தத்தின் தலைமேல் உங்கள் ஸ்டாப்வாட்சைத் தினமும் கொண்டுபோய் வைத்தவள் நான். பக்கத்து மேஜைக்காரி மலையேறப் போகிறவள், அவளிடம் திசைகாட்டி இருந்தது. ஸ்டாப்வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அதன் முள், கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி திரும்பிப் பார்த்தது.

இது உங்களுக்குத் தெரியும். நான் மார்ச்சில் எழுதியதைப் படித்த உடனேயே தெரிந்திருக்கும். கடிகாரத்தைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோகாதே என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியச் சொல்கிறவர் நீங்கள். தெரிந்துகொண்டே, உங்கள் கைத்தொழிலின் பெயரை எடுத்து என் தப்பின்மேல் போர்த்தி மூடினீர்கள். உங்களைச் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நேற்று எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். "கடிகாரக்காரர் மேல தப்பே இல்ல. காந்தத்து மேல வச்சது நான்தான். அவர் எனக்காகப் பொய் சொன்னார்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவர் எழுதினதைக் கொஞ்சம் குடு, இன்னொரு தடவை படிக்கணும்" என்றார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, "ரிப்பேர்க்காரர்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது கெட்ட சேதி. ஸ்டாப்வாட்ச் ஒரே அளவுக்கு வேகமாக ஓடியிருந்தால் குறைத்து எழுதிவிடலாம். ஆனால் ஒரு வாரமாக வைத்துப் பார்த்தேன், ஒரு நாள் மணிக்கு நாலு நிமிடம் முன்னால் போகிறது, ஒரு நாள் ஆறு, ஒரு நாள் இரண்டரை. எந்தச் சோதனையன்று எவ்வளவு ஓடியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நவம்பருக்குப் பிறகு அளந்தது அத்தனையும் மறுபடி அளக்க வேண்டும். தொட்டி கட்டுகிறவர்கள் நான் போட்ட கோட்டை நம்பித்தான் கட்டப் போகிறார்கள். உத்தேசமான கோட்டை அவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேடம் வருடக் கடைசிவரை இருக்கச் சொல்கிறார். இந்தத் தடவை சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பொய்யை ஏற்றுக்கொண்டிருந்தால் ஜூனில் அங்கே இருந்திருப்பேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஏற்றுக்கொண்டுவிடலாமா என்று யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வீர்களோ. என்னைத் திட்டுங்கள், ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
குடுவைக்காரி


ஏப்ரல் 12

குடுவைக்காரிக்கு,

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் தேதியில் மாட்டிக்கொள்வான்.

நான்கு நிமிடம் என்று படித்ததுமே புரிந்துவிட்டது. நெம்புகோலை எவ்வளவு தள்ளினாலும் அந்த அளவுக்குப் போகாது. உள்ளே முடி கனத்தில் ஒரு சுருள் கம்பி இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுருள் குட்டையாகிவிடும். குட்டையானால் கடிகாரம் ஓட்டமாய் ஓடும். இன்று இரண்டு சுற்று ஒட்டும், நாளைக்கு மூன்று. அதனால்தான் தினம் ஒரு கணக்கு. உன் நவம்பர்க் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தானாகச் சுழலும் குச்சி என்று அப்போதே எழுதியிருந்தாய். நான்தான் மோட்டார் என்று நினைத்துவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். உன் மேல் பழி வரக்கூடாது என்பது பாதி. ஜூனில் நீ வந்துவிட வேண்டும் என்பது மீதிப் பாதி. எந்தப் பாதி பெரியது என்று அளக்காதே. உனக்கு அளக்கத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கூட்டத்தில் எழுந்து நின்று நீ சொன்னதை நினைத்துப் பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை ரயிலடியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "அவளால வர முடியலேன்னா நாம போறது. இதுல என்ன கஷ்டம்? காலு அவளுக்கு மட்டுமா இருக்கு?" என்றாள். எனக்கு இது இத்தனை மாதமாகத் தோன்றவே இல்லை. சின்னச் சின்னச் சக்கரத்தையே பார்த்துப் பார்த்து எனக்குப் பெரிய விஷயம் கண்ணில் படாமல் போய்விட்டது.

கடையைப் பூட்டி, வருடக் கடைசியில் திறக்கும் என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன். என் வேலைக்கு ஒரு மேஜையும் நல்ல வெளிச்சமும் போதும், அங்கேயும் மனிதர்கள் கடிகாரம் கட்டுகிறார்கள்தானே. இரண்டு அறை உள்ள வீடாகப் பார். ஸ்டாப்வாட்சை யாரிடமும் கொடுக்காதே. காந்தம் இறக்கும் கருவியைக் கொண்டுவருகிறேன், உன் கண் முன்னாலேயே சரி செய்து தருகிறேன். முதல் நாளே சோதித்துப் பார்த்துவிடு, நான் கொடுத்தது என்று விட்டுவிடாதே. பையில் வாடிக்கையாளர்களின் கடிகாரங்களும் இருக்கும், ஆகவே அந்தப் பெட்டி இருக்கும் அறைக்குள் என்னைக் கூட்டிப் போகாதே.

இருபத்தெட்டாம் தேதி மாலை வண்டி. நீ வழக்கம்போலத் தாமதமாகத்தான் வருவாய், தெரியும். நாங்கள் நடைமேடையிலேயே நிற்போம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

கடிகாரக்காரன்


ஏப்ரல் 20

என் கடிகாரக்காரருக்கு,

வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, கிழக்கே ஒரு பெரிய சன்னல். அதன் கீழே உங்கள் மேஜையைப் போட்டுவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் இருந்து நடந்து போகும் தூரம்தான், ஆனால் காந்தத்துக்கு எட்டாத தூரம். சுவரில் பலகை எதுவும் அடிக்கவில்லை, அதை நீங்களே வந்து சாய்த்து அடிக்கலாம்.

அத்தையிடம் சொல்லுங்கள், அவர் கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. பாதி பாதியாகப் போவது எப்போது முழுசாகப் போகும் என்றால், கணக்கில் ஒருநாளும் போகாது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். எனக்கும் இந்த எட்டு மாதமும் ஏக்கம் அப்படித்தான் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதிக்காக என் கைக்கடிகாரத்தை இன்றைக்கே பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டேன்.